முட்டைக்குள் அழுத கபிரியேல்

எங்கள் கபிரியேல் பிறந்த காலையில், இலந்தைப்பட்டணம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவனைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் ஒரு தட்டுத் தட்ட, அவன் முகமெல்லாம் வாயாகத் திறந்து அழ, சத்தம் மட்டும் வெளியே ரோட்டில் நின்ற தேர்தல் ஆட்டோவின் குழாய் ஸ்பீக்கரில் வந்தது. "தாய்மார்களே, பெரியோர்களே" என்று ஆரம்பித்திருந்த வேட்பாளர் திடீரென்று பிள்ளைக் குரலில் வீறிட்டு அழுததைக் கேட்டு டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள், பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள், நமக்காகப் பேசினவர்கள் எத்தனையோ பேர், அழுதவர் இவர் ஒருத்தர்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லி, டெபாசிட் போயிருக்க வேண்டிய அந்த மனிதர் ஜெயித்தும்விட்டார். வார்டு சிஸ்டர் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, "சத்தம் வந்துட்டுல்லா டாக்டர், எங்க வந்தா என்ன?" என்று சொல்லி, பிள்ளையைத் துடைத்து என் பக்கத்தில் போட்டாள். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அது திறந்து திறந்து மூடியது, தரையில் போட்ட மீனின் வாயைப் போல.

அவன் அழுகை அவனிடமிருந்து வராது, பக்கத்தில் எந்தப் பெட்டி வாய் திறந்து பாடிக்கொண்டோ பேசிக்கொண்டோ இருக்கிறதோ அதிலிருந்துதான் வரும் என்பதை ஊர் சீக்கிரமே புரிந்துகொண்டது. ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. எந்த அழுகை எதற்கு என்று கேட்டவர்கள்தான் அதிகம். பசி அழுகை ஏறி ஏறி இறங்கும், ஈர அழுகை ஒரே மட்டத்தில் போகும், வயிற்றுவலி அழுகை நடுவில் ஒடியும் என்று ரேஷன் கடை வரிசையில் நின்றபடி பெண்கள் பிரித்துச் சொன்னார்கள். மொபெட்டில் மீன் விற்கிற சேசையா, "சாளை, ஊளி, பாறை, நெத்திலி" என்று பதிவு பண்ணி ஓடவிடுகிற சின்ன ஸ்பீக்கரில், ஊளிக்கும் பாறைக்கும் நடுவே அழுகை வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்து, "ஏ டெல்பி, பசி அழுகை. ஒலைய எறக்கி வச்சிட்டு வா" என்பார். நான் வந்து பிள்ளையை எடுக்கிறவரை நகர மாட்டார், அதற்குள் கூட்டம் கூடிவிடும், மீனும் தீர்ந்துவிடும்.

கோயிலில் மட்டும் கொஞ்சம் சங்கடம் இருந்தது. எங்கள் வீடு கோயிலை ஒட்டி இருந்ததால், ஞாயிறு பூசையில் பங்குச் சாமியின் பிரசங்கம் நன்றாகச் சூடுபிடித்து, நரகத்தின் வாசல் வரைக்கும் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகிற நேரமாகப் பார்த்து, கோபுரத்துக் குழாயில் கபிரியேல் அழுவான். அதற்கு ஒரு வழக்கம் உண்டாயிற்று. அழுகை வந்ததும் 'வியாகப்பன் சவுண்ட் சர்வீஸ்' வியாகப்பன் அண்ணன் எழுந்து போய் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கைகட்டி நிற்பார். நான் பால் கொடுத்து முடித்து மாடியில் நின்று துண்டை ஆட்டிய பிறகுதான் திரும்பச் சொருகுவார். அந்த இடைவெளியில் ஜனங்கள் இருமிக்கொண்டார்கள், கால் நீட்டிக்கொண்டார்கள், யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை என்று பேசி முடித்தார்கள். சாமிக்கு விட்ட இடம் மறந்துபோய், பிரசங்கம் பாதியாகக் குறைந்தது. பூசைக்கு வராமல் கடற்கரையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூட வர ஆரம்பித்தார்கள். கல்யாணப் பூசையில் "சம்மதம்" என்கிற நேரத்தில் பிள்ளை அழுதால் வருஷத்துக்குள் தொட்டில் கட்டலாம் என்று யாரோ கிளப்பிவிட்டதில், பெண் வீட்டுக்காரர்கள் முதல் நாளே வந்து என் காதில், "அந்த நேரம் பாத்து லேசா ஒரு கிள்ளு கிள்ளிருவியா தாயி?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

எல்லாருக்கும் அவன் அழுகை கிடைத்தது. எனக்குத்தான் பயம் கிடைத்தது.

பெட்டி வாய் மூடினால் என் பிள்ளை ஊமை. கரண்ட் போனால் ஊமை, பேட்டரி இறங்கினால் ஊமை. ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனது தெரியாமல் நான் அடுப்படியில் மாங்காய்க் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். கூடத்தில் ரேடியோ நின்றுபோயிருந்தது, போன் தூங்கிக்கொண்டிருந்தது. வந்து பார்த்தால் தொட்டிலில் கட்டெறும்பு ஏறி, பிள்ளை உடம்பெல்லாம் சிவந்து, முகம் கண்ணீரில் நனைந்து, வாய் ஆகாயத்தைப் பார்த்துத் திறந்தபடி இருந்தது, எவ்வளவு நேரமாக அப்படி அழுதிருந்தானோ, வீட்டில் எறும்பு ஊர்கிற சத்தம்கூட இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரேடியோ நிற்பதில்லை. நான் தூங்குவதும் இல்லை. அவன் வயிற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருப்பேன், வயிறு குலுங்கினால் அழுகிறான், குலுங்காவிட்டால் தூங்குகிறான், குலுங்கவே இல்லையென்றால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். கப்பலில் இருக்கிற என் வீட்டுக்காரர் வீடியோவில் கூப்பிட்டால், அவர் வாய் அசையும், கபிரியேல் அழுகை வரும், பார்க்கிறவர்களுக்கு அந்த மனிதர் பொண்டாட்டியைப் பிரிந்து குழந்தை மாதிரி கதறுகிறார் என்றுதான் தோன்றும்.

தெருவுக்கு இது தெரிந்ததும் அவர்களாகவே ஒரு ஏற்பாடு செய்தார்கள். கரண்ட் போனால் ஆட்டோக்காரர்கள் எங்கே இருந்தாலும் எங்கள் வாசலுக்கு வந்து பாட்டைப் போட்டுவிட்டு நிற்பார்கள், சேசையா மொபெட்டைக் கொண்டுவந்து மீனே இல்லாத நேரத்திலும் "சாளை, ஊளி" என்று ஓடவிடுவார். ஊர் முழுக்க இருட்டாகிக் கிடக்க, எங்கள் வாசல் மட்டும் திருவிழா மாதிரி இரையும். நல்ல ஜனங்கள். ஆனாலும் அந்தச் சத்தங்களுக்கு உள்ளே என் பிள்ளையின் சத்தம் எது, அவன் தொண்டையில் ஒன்று இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவேயில்லை. டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். நான் அவன் நெஞ்சில் காதை வைத்துப் பார்ப்பேன். ஒன்றும் கேட்காது. தெருவில் நெத்திலி என்று கேட்கும்.

அந்த நேரத்தில்தான் காயல்பட்டினத்திலிருந்து ஹஸீனா வந்தாள்.

ஹஸீனாவும் நானும் கான்வென்டில் ஒரே பெஞ்ச். கடைசி பீரியடு தையல் வகுப்பில், சிஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஊசியில் நூல் கோக்கிற சமயம் பார்த்து, ஒரே இயர்போனை ஆளுக்கு ஒரு காதாக, அவள் முக்காட்டுக்குள் ஒன்றும் என் சடைக்குள் ஒன்றுமாக ஒளித்து வைத்துக் கேட்டது 'ஏழாம் பீரியடு' என்கிற பாட்டுக் கோஷ்டியை. அவர்களும் பள்ளிக்கூடத்தில் ஏழாவது பீரியடைக் கட்டடித்துப் பாடிப் பழகினவர்கள் என்பதால் அந்தப் பெயராம், அதைத் தெரிந்துகொண்ட நாளில் நாங்கள் சிரித்த சிரிப்புக்கு முட்டி போட்டோம். அவளுக்கு இடது காதுப் பாட்டு, எனக்கு வலது காதுப் பாட்டு. பாடகர் ஆதனின் குரல் என் பக்கம், கிடார் அவள் பக்கம். ஒருநாள் நேரில் போய் இரண்டு காதாலும் கேட்க வேண்டும் என்று தையல் துணிமேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தோம்.

"ஏட்டி, முட்டையில பாடுறாங்க. டிக்கெட் எடுத்துட்டேன்" என்றாள் ஹஸீனா.

சென்னையில் கடற்கரை ரோட்டில் புதிதாகக் கட்டியிருக்கிற அந்த அரங்கத்துக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு, ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் அதை முட்டை என்றுதான் சொன்னார்கள். வெள்ளையாக, தூணே இல்லாமல், ராட்சசக் கோழி ஒன்று இட்டுவிட்டுப் போன மாதிரி நிற்குமாம்.

"பிள்ளைய விட்டுட்டு நான் எங்கட்டி வர?"

"விட்டுட்டு யாரு வரச் சொன்னா? தூக்கிட்டு வா. அங்க கரண்டே போகாதாம். ஒண்ணு போனா இன்னொண்ணு, அது போனா வேற ஒண்ணு, பூமி அதிர்ந்தாலும் நிக்காதாம். அந்த முட்டை முழுக்கவே ஒரே ஸ்பீக்கராம்ட்டி. ஒலகத்துலயே ஒம்பிள்ள ஊமையாக முடியாத எடம் அதுதான்."

அதைக் கேட்டபோது, கட்டெறும்பு ஏறின நாளிலிருந்து என்னோடு இருந்த பயம் எழுந்து நின்றது. அடுத்த நிமிஷமே வேறு பயம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது: அவ்வளவு பெரிய பெட்டி என் பிள்ளையின் அழுகையை ஒரே வாயில் குடித்துத் தீர்த்துவிட்டால்? இரண்டு பயங்களையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்தேன். கரண்ட் போகாது என்றது கனமாக இருந்தது. சரி என்றேன்.

ஊருக்குத்தான் மனசில்லை. "ஞாயித்துக்கிழம பூசைக்குள்ள வந்துருவியா? முழுப் பிரசங்கம் எங்களால தாங்க முடியாது தாயி" என்றார்கள். வியாகப்பன் அண்ணன் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டு, பையில் டெஸ்டரைச் சொருகிக்கொண்டு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். "ஒருக்கா அந்த செட்ட கண்ணால பாத்துட்டுச் சாவணும்மா. ஹஸீனா பிள்ள எனக்கும் ஒரு சீட்டு சொல்லிட்டு. பிள்ளைக்கும் ஒரு ஆம்பளத் தொண வேணும்லா?"

பகல் ரயிலில் போனோம். ரயிலில் காதில் எதையும் மாட்டாமல் போனை அலறவிடுகிறவர்களை எல்லாரும் திட்டுவார்கள், நான் அவர்கள் பக்கத்தில்தான் இடம் தேடுவேன். விருதுநகர் தாண்டினதும் எதிர் சீட்டுக்காரர் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருக்க, கடுகு தாளிக்கிற இடத்தில் கபிரியேல் அழுதான். அவர் விரலால் தள்ளினார், வந்த அரசியல்வாதியும் அழுதார், தள்ளினார், கிரிக்கெட் வர்ணனையும் அழுதது. "என்னங்க இது, இன்னைக்கு எல்லாரும் அழுவுறாங்க?" என்றார். "ஈர அழுகை" என்றார் வியாகப்பன் அண்ணன். நான் துணி மாற்றினேன், கிரிக்கெட் தொடர்ந்தது, அவரும் ரன் எத்தனை என்று பார்க்கப் போய்விட்டார். மதுரையில் வண்டி நின்றபோது பிளாட்பாரத்து ஸ்பீக்கரில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றதும் அடுத்தது அவன் அழுகைதான் வந்தது, பயணிகளும் அப்படியே கனிவாகக் கவனித்தார்கள். ஒரு அம்மா பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்து நீட்டினாள், ஒரு போர்ட்டர் "எந்தப் பெட்டிங்க, எந்தப் பெட்டி?" என்று ஓடினார், யாரோ ஒரு கிலுகிலுப்பையை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டே போய்விட்டார்கள்.

முட்டை, சொன்ன மாதிரியே இருந்தது. வாசலில் ஒரு கண்ணாடி நம் முகத்தைப் பார்த்துப் பெயரைச் சொன்னது. போனையெல்லாம் அணைத்து ஒரு பையில் போட்டுப் பூட்டி நம் கையிலேயே கொடுத்தார்கள், வெளியே வந்தால்தான் திறக்குமாம். கையில் ஒரு வளையம் மாட்டினார்கள், நெஞ்சு அடிக்கிறதற்குத் தக்கபடி அது நிறம் மாறும், நிம்மதியாக இருந்தால் நீலம், குஷி வந்தால் மஞ்சள், அதற்கு மேலே சிவப்பு. எல்லாருக்கும் நீலம். எனக்கு மாட்டினதுமே சிவப்பு. சீருடை போட்ட பெண் பதறி, "மேடம், உடம்புக்கு எதுவும் பண்ணுதா?" என்றாள்.

"அவளுக்கு எப்பவும் அப்படித்தான். ஸ்கூல்லயே அப்படித்தான்" என்றாள் ஹஸீனா.

கபிரியேலுக்குக் காதை மூட ஒரு பஞ்சுக் கவசம் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு, விமானம் ஓட்டப் போகிறவன் மாதிரி மடியில் உட்கார்ந்தான்.

வியாகப்பன் அண்ணன்தான் உடைந்துபோனார். "எங்கம்மா பெட்டி? ஒரு பெட்டியக் காணும், ஒரு கொழாயக் காணும், வயரக் காணும்! ஏமாத்துக்காரப் பயலுவ, வெறுஞ்சொவத்தக் காட்டி டிக்கெட் வித்துட்டானுவ." சுவரைத் தட்டிப் பார்த்தார், சீட்டின் முதுகைத் தட்டிப் பார்த்தார், முன் சீட்டுக்காரரின் தலையையும் தட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

பிறகு விளக்கு அணைந்து, தலைக்கு மேலே முழுக் கூரையும் கடலாக மாறி, மீன் கூட்டம் ஒன்று நம் தலைமுடியை உரசுகிற மாதிரி போக, முதல் கிடார் என் இடது காதில் கேட்டது. அப்படி ஒரு கிடார் அந்தப் பாட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது. பக்கத்தில் பார்த்தால் ஹஸீனா வலது காதைப் பொத்தியும் திறந்தும் பார்த்துக்கொண்டு அழுகிறாள்: "ஏட்டி, இவன் பாடவும் செய்தானாட்டி? இத்தன வருசமும் எனக்குச் சொல்லவே இல்லியே நீ!" ஆதன் மேடையில் விரல் அளவுக்குத் தெரிந்தான், குரலோ என் தோளில் தாடையை வைத்துப் பாடுகிற மாதிரி வந்தது. 'கரையில நிக்கிற பொண்ணே, கடலுக்கும் காது இருக்கு' என்கிற வரிக்கு முட்டை முழுக்க எழுந்து நின்றது. நானும் எழுந்து நின்றேன். நானும் பாடினேன். என் கை வளையம் சிவப்பிலிருந்து மஞ்சளாகி, கடைசியில் நீலமாகவே ஆகிவிட்டது, அப்போதுதான் கவனித்தேன், கபிரியேல் வயிற்றில் வைத்திருந்த கையை எப்போதோ எடுத்து மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த நேரம் அவன் அழுதான்.

ஊரில் ஒரு பெட்டியில்தான் வரும். இங்கே முட்டை முழுதும் ஒரே பெட்டி. சுவரும் கூரையும் சீட்டும் அழுதன. அது தூரத்தில் கேட்கிற அழுகை இல்லை, ஒவ்வொருவர் தோளிலும் ஒரு பிள்ளை கிடந்து அழுகிற மாதிரி அவரவர் காதுக்குள் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. கல்லூரிப் பையன்கள் ஒன்றுமில்லாத தோளைத் தட்டிக்கொடுத்தபடி "ஓ ஓ, இல்லடா, இல்லடா" என்று ஆட ஆரம்பித்தார்கள். முடிக்குப் பச்சைச் சாயம் அடித்த ஒரு பெண் வெறும் மடியை ஆட்டிக்கொண்டே தன் சிநேகிதனிடம், "நேத்து நான்தான் முழிச்சேன், இப்ப நீ எடு" என்று சண்டை பிடித்தாள். பிள்ளை பெற்ற பெண்களுக்கெல்லாம் ரவிக்கை நனைந்தது, பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டவர்களுக்கும் நனைந்தது. டிரம்ஸ் வாசிக்கிறவன் குச்சியை வைத்துவிட்டுத் தாலாட்டுக்கு ஏற்ற மாதிரி காலை ஆட்டினான். ஆதன் பாட்டை நிறுத்தி, கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்து, அழுகை மூச்சு வாங்கின இடைவெளியில், "பசி போல இருக்கு. கொடுங்கம்மா, நாங்க நிக்கிறோம்" என்றான்.

நான் கொடுத்தேன். பிள்ளை குடிக்கவில்லை. கவசம் நழுவி, தன் அழுகை மலை மாதிரித் தன்மேலேயே வந்து விழுவதைக் கேட்டுப் பயந்து, இன்னும் பலமாக அழ, அது இன்னும் பெரிதாகத் திரும்பி வர, அதற்கு இவன் இன்னும் அழ, முட்டை விரிசல் விடும் போல அதிர்ந்தது. கைவளையங்கள் எல்லாம் சிவந்து, அரங்கமே தணல் பரப்பின மாதிரி ஆயிற்று. என் ஒருத்தியின் பயம் ஊரார் கையிலெல்லாம் எரிகிறதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் பார்த்தேன். வியாகப்பன் அண்ணனின் சீட் காலியாக இருந்தது.

பூசையில் என்ன செய்வாரோ அதைத்தான் அவர் செய்யப் போயிருந்தார். வெள்ளைச் சட்டையும் டெஸ்டரும், கேட்காமலே கதவைத் திறக்கிற நடையும் பார்த்து யாரும் அவரை நிறுத்தவில்லை. உள்ளே ஒரு அறையில் தன் வாழ்நாளில் கண்டதிலேயே பெரிய ஃபியூஸ் கேரியர் ஒன்றைக் கண்டு, கும்பிட்டு, பிடுங்கிவிட்டார். பூமி அதிர்ந்தாலும் நிற்காத முட்டை நின்றது. ஒன்று போனால் இன்னொன்று என்று வைத்திருந்தவர்கள், ஒருத்தர் வந்து பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார் என்று நினைத்திருக்கவில்லை.

இருட்டு. என் வாழ்க்கையில் நான் பயந்த எல்லா இருட்டும் சேர்ந்த இருட்டு. கை வளையங்களும் அணைந்துவிட்டன, ஒரு பெட்டியும் உயிரோடு இல்லை. பிள்ளையின் முகம் தெரியவில்லை, வயிறு மட்டும் கைக்குள் குலுங்கிக் குலுங்கி அடிக்கிறது. ஆயிரக்கணக்கான பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இயேசுவே, மரியே, சூசையே என்று கான்வென்டில் சொல்லித்தந்த எல்லாரையும் கூப்பிட்டு முடித்து, கூப்பிட ஆளில்லாமல் நான் வாயை மூடின இடத்தில், என் மார்புக்கும் கழுத்துக்கும் நடுவே ஏதோ ஒன்று கிரீச்சிட்டது.

காய்ந்த கதவுக் கீல் மாதிரி. நிறுத்தி, எச்சில் விழுங்கி, மறுபடி. கரகரப்பாக, மெலிசாக, ஒரு முழத்துக்கு அப்பால் போகாத அளவுக்குச் சின்னதாக. தேர்தல் ஆட்டோவில் கேட்ட சத்தம் இல்லை, கோபுரத்தில் கேட்ட சத்தம் இல்லை. என் கழுத்தில் சூடாக மூச்சு பட, அந்த மூச்சோடு சேர்ந்து வருகிற சத்தம்.

"இவ்வளவுதானாடா?" என்றேன். "இவ்வளவு சின்னதாடா உன் சத்தம்?"

"என்னட்டி?" என்றாள் ஹஸீனா, ஒரு கை தூரத்தில் இருந்துகொண்டு. அவளுக்குக் கேட்கவில்லை.

மேடைப் பக்கமிருந்து மைக் இல்லாமல் ஆதன் பாட ஆரம்பித்தான். அவன் சொந்தக் குரலும் சின்னதுதான். கொஞ்சம் சளி பிடித்த குரல் என்று முன்வரிசைக்காரர்கள் பிறகு சொன்னார்கள். மூன்று வரிசைக்கு மேல் எட்டியிருக்காது, எங்களுக்கு எட்டினது முன்னால் இருந்தவர்கள் வாங்கிப் பின்னால் கொடுத்துக் கொடுத்து வந்த பாட்டு, வருகிற வழியில் ராகம் கொஞ்சம் மாறியிருந்தது. அதைக் கேட்டபடி கபிரியேல் குடிக்க ஆரம்பித்தான்.

அங்கே அறைக்குள் காவலாளிகள் வியாகப்பன் அண்ணனைச் சுற்றி நின்று, கேரியரைக் கொடுங்க, கொடுங்க என்று கெஞ்சியிருக்கிறார்கள். அவர் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு, "பிள்ள குடிச்சு முடிக்கட்டும்யா. துண்டு ஆட்டினப் பெறகுதான் போடுவேன். இதுதான் மொற" என்று நின்றிருக்கிறார். எஞ்சினியர் ஒருத்தர் டார்ச்சோடு ஓடிவந்து இருட்டில் எங்களைக் கண்டுபிடித்து, "மேடம், தயவுசெஞ்சு ஏதாவது துண்டு ஆட்டணுமாம்" என்றார். கபிரியேலுக்கு ஏப்பம் விடவைத்து, தோளில் கிடந்த துணியை நான் ஆட்ட, அவர் டார்ச்சை ஆட்ட, முட்டைக்கு உயிர் வந்தது. மீதிப் பாட்டுகளையும் பாடினார்கள். கபிரியேல் நடுவில் ஒருமுறை அழுதான், என் கழுத்துக்குள் மட்டும். சுவர்கள் பாட்டைத்தான் பாடின.

ஊருக்குத் திரும்பினதும் என்மேல் வருத்தம் ஆரம்பித்தது. ஞாயிறு பிரசங்கம் தங்குதடையில்லாமல் நரகத்தின் வாசலைத் தாண்டி, உள்ளே ஒவ்வொரு அறையாகப் போய்க்கொண்டே இருந்தது. சீட்டாடுகிறவர்கள் கடற்கரைக்கே போய்விட்டார்கள். சேசையாவின் ஊளி விற்காமல் ஐஸில் கிடந்தது. கல்யாணங்கள் சப்பென்று முடிந்தன. "கோபுரத்துல அழுத பிள்ளைய கூட்டிட்டுப் போயி, சத்தத்த முட்டைக்குள்ள விட்டுட்டு வெறுங்கையா வந்துட்டா" என்று ரேஷன் வரிசையில் பேசினார்கள். அழுகிறான் அக்கா, அவன் வாயாலேயே அழுகிறான் என்று நான் சொன்னால், "எங்க, கேக்கலியே" என்பார்கள். எப்படிக் கேட்கும்? ஊரில் ஏதாவது ஒரு பெட்டி எப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தது. வியாகப்பன் அண்ணன் சாட்சி சொல்லிப் பார்த்தார். அவர் அந்த நேரம் அறைக்குள் இருந்ததால் அவரும் கேட்டதில்லை, சாட்சி எடுபடவில்லை.

எனக்கு மட்டும்தான் கேட்டது. ரேடியோவை நிறுத்தியிருந்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. போன மறு நிமிஷம், என்மேல் அத்தனை வருத்தத்தையும் வைத்துக்கொண்டே, எல்லாரும் வந்துவிட்டார்கள். ஆட்டோக்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு பாட்டைப் போட்டன, சேசையா மொபெட்டில் "சாளை, ஊளி, பாறை" என்று பாய்ந்து வந்தார், பங்குச் சாமிகூட பேட்டரி மைக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அங்கியோடு ஓடி வந்து வாசலில் நின்று, "பேசுறேன்மா, நான் பேசிக்கிட்டே இருக்கேன், பிள்ளைய அழ விடு!" என்று ஜெபம் சொல்ல ஆரம்பித்தார்.

நான் கபிரியேலைத் தோளில் போட்டுக்கொண்டு படியில் இறங்கினேன்.

"எல்லாத்தையும் நிறுத்துங்க" என்றேன். "பிள்ள அழுவுறான்."

ஒரு ஆட்டோ நின்றது, இன்னொன்று நின்றது. சேசையா நெத்திலியைப் பாதியில் நிறுத்தினார். சாமி ஆமென் சொல்லாமலே மைக்கை அணைத்தார். கடல் இரைவது மட்டும் கேட்டது, அதற்கு மேலே, காய்ந்த கீல் மாதிரி, என் பிள்ளை. பின்னால் நின்றவர்கள் ஓசைப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நெருங்கி வந்தார்கள். சேசையா காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"ஈர அழுகை" என்றார் வியாகப்பன் அண்ணன் கிசுகிசுப்பாக.

"போரும் வே. ஏறி ஏறி எறங்குது, கேக்கலியா? பசி" என்றார் சேசையா.

"ஸ்ஸ்" என்றது ஊர்.

பசிதான். ஆனால் பின்வரிசைக்காரர்களுக்கு இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்றார்கள், அதனால் அன்று மட்டும் கொஞ்ச நேரம் அழவிட்டேன்.